எதிர்ப்பவர்கள் ஒருத்தரும் இல்லை

வெள்ளைப் பலகையில் குணநாயகம் அங்கிள் மூன்று பெட்டிகள் வரைந்தார். முதல் பெட்டிக்குள் காங்கிரஸ், இரண்டாவதில் ஜனாதிபதி, மூன்றாவதில் உச்ச நீதிமன்றம். பேனாவில் மை வற்றிக்கொண்டிருந்ததால் மூன்றாவது பெட்டிக்கு ஒரு பக்கம் கோடு விழவில்லை. "நீதிமன்றத்துக்கு எப்பவும் ஒரு பக்கம் திறந்திருக்கவேணும்" என்று அவரே சொல்லி அவரே சிரித்துக்கொண்டார்.

சிட்னியில் வெஸ்ட்மீட் ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் எங்கள் தமிழ் மன்றம் வாடகைக்கு எடுத்திருந்த மண்டபம் அது. புதன்கிழமை காலைகளில் முதியவர்களின் ஒன்றுகூடல் அங்கே நடக்கும். வெளியே எலும்பைக் குடையும் குளிர். உள்ளே ஒரு பழைய ஹீட்டர் டிக் டிக் என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. இஞ்சித் தேநீரும் சுடச்சுட மீன் ரோல்ஸும் மணத்தன.

குணநாயகம் அங்கிள்தான் மன்றத் தலைவர். யாழ்ப்பாணத்துக்காரர், ஓய்வுபெற்ற கணக்காளர், கழுத்தில் எப்போதும் மப்ளர். அவருடைய மகள் அமெரிக்காவில் குடியுரிமைப் பரீட்சை எழுதியபோது கேள்வி கேட்டுப் பாடம் பண்ண வைத்தவர் இவர்தான். மகள் பாஸ் பண்ணிவிட்டு மறந்துவிட்டாள். அப்பாவுக்கு மட்டும் எல்லாம் மண்டையில் தங்கிவிட்டது. தங்கியதை எங்காவது இறக்கி வைக்க வேண்டுமே. 'அமெரிக்க ஆட்சிமுறை: அடிப்படைகள்' என்று புதன்கிழமைகளில் பேசத் தொடங்கினார்.

நன்றாகவே பேசினார், அதை மறுக்க மாட்டேன். சட்டம் இயற்றுவது ஒருவர், அதை நடத்துவது இன்னொருவர், அது சரியா என்று பார்ப்பது மூன்றாமவர். ஒருவர் கைமீறினால் மற்ற இருவரும் பிடித்து இழுப்பார்கள். "எல்லா அதிகாரமும் ஒராளிட்டப் போனா, அந்தாள் எவ்வளவு நல்லவனாயிருந்தாலும் கெட்டுப்போவான். இதை முதலே யோசிச்சு எழுதி வச்சவங்கள் பாருங்கோ!" என்று மேசையில் தட்டினார். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குப் புதன்கிழமை வேலை இல்லை, தேநீர் ஊற்றி உதவுவதற்காகப் போயிருந்தேன். நானும்தான் தட்டினேன்.

மக்களாகிய நாம்

நான் எழுதும் இந்தப் பத்திரிகைத் தொடரில் அதிகம் கோபப்படுகிறேன் என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். இந்த வாரமும் அவர் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பேச்சின் முடிவில் அங்கிள் அமெரிக்க அரசியலமைப்பின் முதல் வரிக்கு வந்தார். 'மக்களாகிய நாம்' என்று தமிழில் ஒருமுறையும் ஆங்கிலத்தில் ஒருமுறையும் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். கடைசி வரிசையிலிருந்து ஒரு கை உயர்ந்தது. அது மலர் அன்ரியின் கை.

மலர் அன்ரி மெரிலேண்ட்ஸில் ஒரு சின்ன ஃபிளாட்டில் தனியாக இருப்பவர். கணவர் இறந்து சில வருடங்கள். ஒரே மகன் பெர்த்தில், மருமகள் வியட்நாம்காரப் பெண், பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் வராது. அன்ரிக்குக் கார் ஓட்டத் தெரியாது. புதன்கிழமை காலையில் சேலை உடுத்தி, மேலே தடித்த கோட்டும் போட்டு ரயில் ஏறி வந்துவிடுவார். (திருச்சியிலிருந்து வந்த நான் 'ஆன்ட்டி' என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவர்தான் என் நாக்கைத் திருத்தி 'அன்ரி' ஆக்கினார்.)

"அண்ணை, அந்த மக்களுக்குள்ள பொம்பிளையளும் இருந்தவையோ?"

"அப்ப இல்லை, மலர். கறுப்பு ஆக்களும் இல்லை. பிறகுதான் திருத்தம் கொண்டுவந்து வோட்டுரிமை குடுத்தவை. அதுதானே அந்த அரசியல் யாப்பின்ர பெருமை! பிழையெண்டு கண்டால் திருத்தலாம்."

"அப்ப எங்கட மன்றத்தின்ர யாப்பையும் திருத்தலாம்தானே?"

அங்கிள் பேனாவுக்கு மூடி போட்டார்.

"அது வேற விசயம், மலர்" என்றார், தேநீர் மேசையைக் காட்டி. "ரீ ஆறுது, எல்லாரும் எழும்புங்கோ."

ஒரு வீடு, ஒரு கை

வேறு விஷயம் என்னவென்று சொல்கிறேன்.

எங்கள் மன்றத்தில் அங்கத்துவம் குடும்பத்துக்குத்தான். ஒரு குடும்பத்துக்கு ஒரு வாக்கு. அந்த வாக்கைப் போடுபவர் 'குடும்பத் தலைவர்'. தலைவர் என்றால் கணவர் என்று தனியாக விளக்க வேண்டியதில்லை, எல்லோருக்கும் தெரியும். நாங்கள் சேர்ந்தபோது நான் என் பெயரைத் தலைவர் இடத்தில் போடச் சொன்னேன். வீட்டில் கரன்ட் பில் கட்டுவது முதல் கூரையில் ஒழுகினால் ஆள் கூப்பிடுவது வரை நான்தான். செயலாளர் தயாபரன் என்னைப் பார்த்துச் சிரித்தார். "பகிடி விடாதேங்கோ பிள்ளை. அவரின்ர பேர் என்ன?" என்று கேட்டுவிட்டு என் கணவர் பாஸ்கரின் பெயரை எழுதிக்கொண்டார்.

தயாபரன் யார் என்றால், குணநாயகம் அங்கிளின் மனைவியுடைய தம்பி. கூட்டங்களில் கை எண்ணுபவரும் அவர்தான்.

என் கதையாவது பரவாயில்லை, எங்கள் வீட்டுக்கென்று ஒரு கை இருக்கிறது. கணவர் இறந்துபோனால்? தலைவர் இல்லாத குடும்பத்துக்கு வாக்கு கிடையாது. அந்தப் பெண்ணை மன்றம் 'கௌரவ அங்கத்தவர்' ஆக்கிவிடும். பெயரைக் கேட்டால் பொன்னாடை போர்த்தியதுபோல் இருக்கிறது, இல்லையா? கௌரவ அங்கத்தவர் வரலாம், தேவாரம் பாடலாம், குசினியில் நின்று எல்லோருக்கும் சமைக்கலாம். வாக்கு மட்டும் போட முடியாது. புருஷன் செத்த அன்றைக்கே பெண்ணின் மூளையும் செத்துவிடும் என்று இவர்களிடம் யார் சொன்னார்கள்?

இது ஊரில் எழுதிய விதி என்றால்கூட ஏதோ பழசு என்று விட்டுவிடலாம். இங்கே சிட்னியில், பெண்கள் காலையில் எழுந்து வேலைக்குப் போய் வீட்டுக் கடன் கட்டும் ஊரில், உட்கார்ந்து யோசித்து எழுதியிருக்கிறார்கள்.

வெங்காய வாசனை

இந்த இடத்தில் இன்னொரு சனிக்கிழமையைச் சொல்லியாக வேண்டும். ஆஸ்திரேலியப் பொதுத் தேர்தல் நாள். மலர் அன்ரியை நான்தான் அவர் வீட்டுக்குப் பக்கத்திலிருந்த பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனேன். இந்த நாட்டில் வாக்களிக்காமல் விட்டால் அபராதம். எனக்கு அது முதலில் விசித்திரமாக இருந்தது, இப்போது பிடித்துப்போய்விட்டது. உன் கருத்து இல்லாமல் நாங்கள் நகர மாட்டோம் என்று ஒரு அரசாங்கம் வீட்டுக் கதவைத் தட்டுகிறது, வேறென்ன வேண்டும்?

பள்ளி வாசலில் வழக்கம்போல் சாசேஜ் சுட்டுக்கொண்டிருந்தார்கள். தணலில் வெங்காயம் வதங்கும் வாசனை தெருமுனை வரை வந்தது. அன்ரி மரக்கறிக்காரி, இறைச்சி தொடமாட்டார். "எனக்கு அந்த வெங்காயத்தை மட்டும் பாணுக்குள்ள வச்சுத் தரச் சொல்லும்" என்றார். அடுப்பில் நின்ற வெள்ளைக்காரப் பையன் முகம் சுளிக்காமல் ரொட்டித் துண்டில் வைத்துக் கொடுத்தான், சாஸும் ஊற்றினான்.

உள்ளே செனட் வாக்குச்சீட்டு மேசை விரிப்பு அளவுக்கு இருந்தது. அன்ரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு அட்டைத் தடுப்புக்குப் பின்னால் நின்று நிதானமாக எண்களைப் போட்டார். பின்னால் வந்தவர்கள் எல்லாம் போட்டுவிட்டுப் போயாயிற்று. வெளியே வந்தபோது அவர் முகம் மலர்ந்திருந்தது. "ஒருத்தரும் என்னை அவசரப்படுத்தேல்லை, பிள்ளை" என்றார்.

எனக்கு என் அம்மா ஞாபகம் வந்தது. திருச்சியில் தேர்தல் என்றால் அப்பா முதல் நாளே 'இந்தச் சின்னம்' என்று சொல்லிவிடுவார். அம்மா 'சரிங்க' என்பார். போட்டுவிட்டு வந்து விரல் மையைக் காட்டிச் சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் எந்தச் சின்னத்தில் குத்தியிருப்பார் என்று எனக்குத் தெரிந்துவிடும், அப்பாவுக்குத் தெரியாது. மறைவாகப் போடும் வாக்கின் அருமை அது. எங்கள் மன்றத்தில் மறைவும் இல்லை.

குணநாயகம் அங்கிளிடம் ஒருமுறை எங்கள் தொகுதி எம்.பி. யார் என்று கேட்டேன். தெரியவில்லை. ஒவ்வொரு அமெரிக்க மாநிலத்துக்கும் எத்தனை செனட்டர் என்று கேளுங்கள், தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வார். நாம் வாழும் நாட்டில் ஜனாதிபதியே கிடையாது, பிரதமர் என்ற சொல்கூட இந்த நாட்டு அரசியலமைப்பில் இல்லை என்று நான் சொன்னபோது, "சும்மா கதை விடாதேங்கோ" என்றார். பல இடத்திலும் பார்க்கிற பழக்கம்தான் இது. தூரத்து வீட்டு நியாயத்தைப் பேசுவதற்கு நாம் ரெடி. நம் வீட்டுக்குள் அதைக் கொண்டுவந்தால்தான் ரீ ஆறிவிடுகிறது.

கார் நிறுத்த இடம்

மன்றத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நிர்வாகத் தெரிவு வழக்கம்போல் ஏப்பம் விடும் நேரத்துக்குள் முடிந்தது. ஒருவர் முன்மொழிந்தார், ஒருவர் வழிமொழிந்தார், குணநாயகம் அங்கிளே மறுபடியும் தலைவர், தயாபரனே மறுபடியும் செயலாளர். இரண்டும் ஏகமனதாக. எங்கள் மன்றத்தில் 'ஏகமனதாக' என்ற சொல்லைத்தான் அதிகம் செலவழிப்போம். போட்டி வந்தால் ஒற்றுமை போய்விடுமாம். மதியச் சாப்பாடும் பிந்திவிடும்.

அதன் பிறகுதான் அந்தத் தீர்மானம் வந்தது. புதன்கிழமை ஒன்றுகூடலை வெஸ்ட்மீட்டிலிருந்து, ரயில் போகாத ஒரு புறநகரின் புது மண்டபத்துக்கு மாற்ற வேண்டும். காரணம், அங்கே கார் நிறுத்த நிறைய இடம் இருக்கிறது. அங்கிள் தன் மகனோடு அந்தப் பக்கம் குடிபோய்விட்டார் என்பதை அவர் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரியும்.

மலர் அன்ரியும் இன்னும் சில பெண்களும் குசினியிலிருந்து வந்து சுவரோரம் நின்றார்கள். எல்லோரும் கௌரவ அங்கத்தவர்கள், எல்லோரும் ரயிலில் வருபவர்கள். கதிரைகள் நிரம்பியிருந்ததால் நானும் அவர்கள் பக்கத்தில் நின்றேன். அன்ரி பேசக் கேட்டார்.

"கதைக்கலாம், வோட்டுப் போடேலாது" என்றார் தயாபரன்.

"கதைக்கிறன்" என்றார் அன்ரி. "பார்க்கிங் வேண்டாமெண்டு நான் சொல்லேல்லை. எங்களுக்குக் கார் இல்லை. அந்த இடத்துக்குப் பஸ் மாறி மாறித்தான் வரவேணும், இந்தக் காலோட என்னாலை ஏலாது. புதன்கிழமை இல்லாட்டி எனக்கு ஒரு கிழமை முழுக்கத் தமிழில கதைக்க ஆளில்லை. அவ்வளவுதான்."

"யோசிக்காதேங்கோ மலர், ஆரும் ஏத்திக்கொண்டு வருவினம்" என்றார் அங்கிள். ஆர் என்று அவரும் சொல்லவில்லை, கதிரைகளில் இருந்தவர்களும் சொல்லவில்லை.

"ஆதரிக்கிறவை?" என்று தயாபரன் கேட்டார். கைகள் எழுந்தன. அவற்றில் ஒன்று என் கணவருடையது. வலது கை மேலே, இடது கையில் ஃபோன், அதில் கிரிக்கெட் ஸ்கோர். நான் சுவரோரத்திலிருந்து 'ஏங்க, ஏங்க' என்று கூப்பிட்டேன். கேட்கவில்லை.

"எதிர்க்கிறவை?"

மலர் அன்ரி கையைத் தூக்கினார். சுவரோரம் நின்ற அத்தனை பெண்களும் தூக்கினார்கள். கழுவியும் போகாத மஞ்சள் விரல்களில் இருந்தது. நானும் தூக்கினேன். தயாபரன் கதிரைகளைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார். எங்களை நேராகப் பார்த்தார், சத்தியமாகச் சொல்கிறேன், என் கண்ணைப் பார்த்தார்.

"எதிர்க்கிறவை ஒருத்தரும் இல்லை. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறுது."

எனக்கு உச்சந்தலை வரை சுட்டது. "தயாபரன் அங்கிள், இங்க இவ்வளவு பேர் கை தூக்கியிருக்கோம், கண்ணு தெரியலையா?" என்று கத்திவிட்டேன்.

"பிள்ளை, உங்கட வீட்டு வோட்டு விழுந்திட்டுது" என்றார் தயாபரன். எல்லோரும் திரும்பி பாஸ்கரைப் பார்த்துச் சிரித்தார்கள். பாஸ்கர் அப்போதுதான் ஃபோனிலிருந்து தலையைத் தூக்கினார்.

நான் தலைவர் பக்கம் திரும்பினேன். "தீர்மானம் கொண்டுவந்தது நீங்க. எண்ணினது உங்க மச்சான். எண்ணினது சரியான்னு கேட்டா அதுக்கும் நீங்கதான் தீர்ப்பு சொல்லணும். மூணு பெட்டி போட்டுக் காட்டினீங்களே அங்கிள், அது எங்க போச்சு?"

அங்கிள் மப்ளரைச் சரிசெய்துகொண்டார். "இது அமெரிக்கா இல்லை, பிள்ளை" என்றார்.

மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது. உடனே யாரோ "சாப்பாடு ஆறுது" என்றார்கள். கதிரைகள் கிறீச்சிட்டன, வரிசை உருவானது. பரிமாறியது யார் என்று நினைக்கிறீர்கள்? சுவரோரம் நின்ற அதே பெண்கள்தான். கை எண்ணும்போது தெரியாதவர்கள் சோறு போடும்போது பளிச்சென்று தெரிந்தார்கள். மலர் அன்ரி தலைவருடைய தட்டில் சோறு வைத்து, கத்தரிக்காய்க் குழம்பும் ஊற்றினார். நானாக இருந்தால் அந்தக் குழம்பைத் தட்டில் ஊற்றியிருக்க மாட்டேன்.

பின் சீட்டில்

அன்ரியை நாங்கள்தான் வீட்டில் விடப் போனோம். பாஸ்கர் ஓட்டினார். நான் அவரோடு பேசவில்லை. கார் பாரமட்டாவைத் தாண்டியது.

"தம்பி, கோவிக்காமல் சொல்லுங்கோ" என்று பின் சீட்டிலிருந்து அன்ரி கேட்டார். "என்னத்துக்குக் கை தூக்கினீங்கள்?"

பாஸ்கருக்குக் காது சிவந்துவிட்டது. "எல்லாரும் தூக்கினாங்க அன்ரி. நான் கவனிக்கல."

"ஓம்" என்றார் அன்ரி. அவ்வளவுதான். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

திட்டும் வேலையை நார்த்மீட்டில் எங்கள் வீட்டுக் கதவைச் சாத்திய பிறகு நான் எடுத்துக்கொண்டேன். பாஸ்கருக்கு அந்த மண்டபம் எங்கே மாறினாலும் ஒன்றுதான், புதன்கிழமை அவர் ஆபீஸில் இருப்பார். அந்தப் புதன்கிழமையே உயிராக இருக்கிறவருக்குக் கை கிடையாது, கிரிக்கெட் பார்க்கிறவருக்குக் கை உண்டு. "அடுத்த கூட்டத்துக்கு நீயே போய் போடு" என்றார் பாஸ்கர், சமாதானமாக. போடலாம்தான். யார் எண்ணுவது?

புது மண்டபத்தில் ஒன்றுகூடல் ஆரம்பித்தது. மன்றத்தின் வாட்ஸ்அப் குழுவில் அமெரிக்கக் கொடி போட்ட அழைப்பு ஒன்று வந்தது. குணநாயகம் அங்கிள் பேசும் தொடரின் இரண்டாம் பகுதி, தலைப்பு 'வாக்குரிமை வளர்ந்த கதை'. கீழே வரிசையாகக் கைகூப்பும் படங்கள். எனக்கு ஃபோனைச் சுவரில் எறியலாம்போல் இருந்தது. ஏத்திக்கொண்டு வருவதற்கு அன்ரியிடம் இதுவரை யாராவது கேட்டார்களா என்று அதே குழுவில் எழுதினேன். ஒருவரும் பதில் போடவில்லை.

அடுத்த புதன்கிழமை காலை நானே அவரைக் கூட்டிப்போகலாம் என்று ஃபோன் செய்தேன். அடித்துக்கொண்டே இருந்தது. மதியம் மறுபடி கூப்பிட்டபோது எடுத்தார். பின்னால் பெண்கள் ஒரே நேரத்தில் பேசும் இரைச்சல்.

"எங்க இருக்கீங்க அன்ரி? காலைலேர்ந்து கூப்பிடுறேன்."

"இஞ்சதான் பிள்ளை, மெரிலேண்ட்ஸில. எங்கட சாப்பாட்டுக் கடைக்காரன் பின் அறையைத் தந்தவன். ரயிலில வாற ஆக்கள் எல்லாரும் வந்திருக்கினம். இனிப் புதன்கிழமை இஞ்சதான்."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "சூப்பர் அன்ரி! அப்போ நீங்கதான் தலைவர்!"

"இல்லை!" குரலில் நல்ல கோபம். "தலைவர் பதவிக்குக் கேட்டனான்தான். எங்களோட ரயிலில வாற பரமேஸும் கேட்டவ. அவவுக்குத்தான் கனபேர் கை தூக்கினவை. அவ ஒரு வாய்க்காரி, ஒரு கூட்டம் நடத்தத் தெரியாது. நான் விடேல்லை, திருப்பி எண்ணச் சொன்னனான். பிறகும் தோத்துப் போனன்."

"விடுங்க அன்ரி, அடுத்த தடவை ஜெயிச்சிடலாம்" என்றேன்.

"அது கிடக்கட்டும், பிள்ளை." இரைச்சலிலிருந்து தள்ளி வந்துவிட்டார் போலிருக்கிறது, குரல் தெளிவாகக் கேட்டது. "என்ர கையை எண்ணினவை. ரெண்டு தரம் எண்ணினவை."